வெள்ளம் டிசம்பரில், முடி மார்ச்சில்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024-இல் என்னிடம் முடி உதிர்வுக்காக வந்த ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாதக் கணக்கை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்த நிகழ்வே மாதக் கணக்கில்தான் இருக்கிறது. நான் தோல் மருத்துவர். தூத்துக்குடி மாவட்டத்தில் சிறிய கிளினிக். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 34. தாமிரபரணிக் கரையோரத்தில் வீடு. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், உதவிக்கு ஒரு பெண். கணவர் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். எட்டு வயதில் ஒரு மகள், கூடவே மாமியார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. இவர் வீட்டுக்குள் ராத்திரி தண்ணீர் ஏறியது. விடியும்போது நெஞ்சளவு. மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறார். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. டவுனில் மாட்டிக்கொண்ட கணவர் உயிரோடு இருக்கிறார் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

பொங்கலுக்காக வாங்கி வைத்திருந்த 41 பேரின் துணி சேற்றில் போனது. மெஷின் மோட்டார்கள் போயின. அளவு எழுதிய நோட்டும் போனது. அரசு நிவாரணம் 6,000 ரூபாய் வந்தது. துணி கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஒன்றும் கேட்கவில்லை. மீதிப் பேருக்குப் பணம் கொடுக்க மகளிர் குழுவில் கடன் வாங்கினார்.

இவ்வளவும் நான் இரண்டாம் வருகையில் கேட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வருகையில் இதில் ஒரு வரிகூட என் குறிப்பில் இல்லை.

முதல் வருகை: ஏப்ரல் 2024, முதல் வாரம்

அன்று ஓபியில் நல்ல கூட்டம். "மூணு வாரமா முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது டாக்டரம்மா. வெள்ளத்துக்கு அப்புறம் லாரித் தண்ணிதான் வருது, அந்தத் தண்ணி ஒத்துக்கல" என்றார். வழுக்கைத் திட்டு எதுவும் இல்லை, அதாவது புழுவெட்டு இல்லை. பொடுகு கொஞ்சம். அவ்வளவுதான் பார்த்தேன். வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டேன். "கஷ்டத்துக்கு என்ன குறைச்சல்" என்று சிரித்தார். நான் சொன்னது: "டென்ஷன்லதாம்மா கொட்டுது. டென்ஷன் ஆகாதீங்க, தானா நின்னுடும்." ஒரு சத்து மாத்திரையும் ஷாம்பூவும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

நான் சொன்னது முழுக்கத் தப்பு இல்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குப் போனதும் வேறு வேலை செய்தது. 'டென்ஷன்' என்றால் அவர் வீட்டு அகராதியில் 'நீயா இழுத்து வச்சுக்கிட்டது' என்று பொருள். "நாங்களும்தான் வெள்ளத்துல கெடந்தோம், எங்களுக்கா கொட்டுது?" என்று மாமியார் கேட்டிருக்கிறார். டென்ஷன் ஆகக்கூடாது என்ற டென்ஷன் புதிதாகச் சேர்ந்துகொண்டது. டாக்டரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று தானே வைத்தியத்தில் இறங்கினார். அடுத்த ஏழு வாரத்தில் மெடிக்கலில் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு பி வைட்டமின்) மாத்திரை, 1,200 ரூபாய்க்கு ஒரு எண்ணெய், வெந்தயம், கற்றாழை எல்லாம் நடந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஒரு காரியம் அவரை அதிகம் பயமுறுத்தியது. தலைக்கு ஊற்றினால் கொட்டுகிறது என்று பத்து நாளுக்கு ஒருமுறைதான் தலைக்கு ஊற்றினார். தினம் உதிர வேண்டியது பின்னலுக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, பத்து நாள் முடி ஒரே நாளில் கைக்கு வந்தது.

இரண்டாம் வருகை: மே 2024, கடைசி வாரம்

இந்த முறை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே செய்தித்தாளில் மடித்து, நாள் வாரியாக நான்கு பொட்டலம். மேலே பென்சிலால் தேதி. தையற்காரரின் ஒழுங்கு அதில் தெரிந்தது. இதைக் கொண்டுவரும் அளவுக்குப் பயந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அவரையும் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முடியின் ஒரு முனையிலும் குண்டூசித் தலை மாதிரி சின்ன வெள்ளைக் குமிழ். "வேரோட வந்திருச்சே!" என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்த முடியின் அடிப்பாகம் காய்ந்து திரண்டிருப்பது. முடி முளைக்கும் குழி தலையிலேயே பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் காரணமாக இருந்தால் முடி நடுவில் முறியும், முனையில் குமிழ் இருக்காது. லாரித் தண்ணீர் மேலிருந்த வழக்கு அந்தத் தாளிலேயே தள்ளுபடி ஆனது.

தலையில் மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் சுமார் 50 முடியை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது வந்தது. ஐந்துக்கு மேல் வந்தாலே உதிர்வு நடக்கிறது என்று பொருள். வகிடு அகலமாகவில்லை. டெர்மாஸ்கோப்பில், அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், முடிகளின் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பரம்பரையாக வரும் மெலிவு இல்லை. நெற்றியோரத்தில் கூர்நுனியோடு குட்டை முடிகள் முளைத்திருந்தன. அது நல்ல அடையாளம்.

அளவு எவ்வளவு குறைந்தது என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை இப்போது எல்லா நோயாளிகளிடமும் கேட்கிறேன்: "முன்னாடி ரப்பர் பேண்டு ரெண்டு சுத்துதான் வரும். இப்ப நாலு சுத்துது."

அப்புறம்தான் தேதி கேட்டேன். எப்போது ஆரம்பித்தது? மார்ச் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்கு ஊற்றும்போது. அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் டிசம்பர் நடு. மேலே எழுதிய வெள்ளக் கதை அப்போதுதான் வந்தது. சொல்லி முடித்துவிட்டு அவரே கேட்டார்: "வெள்ளத்தப்ப ஒத்த முடி கொட்டலையே. எல்லாம் ஒரு வழியா சரியாகிட்டு வரும்போது இப்ப எதுக்குக் கொட்டுது?"

நான் சொன்ன விளக்கம்

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் 85 முதல் 90 சதவீதம் எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்து, பிறகு உதிரும். முறை வைத்து உதிர்வதால் நாளுக்கு நூறு வரை போனாலும் தெரியாது. உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அடி விழும்போது, இன்னும் வளர வேண்டிய முடிகளில் ஒரு பெரிய பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வுக்குப் போன அன்றே விழாது. மூன்று மாதம் அங்கேயே இருக்கும். கீழே புது முடி கிளம்பும்போது பழையது கழன்று விழும். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்து டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். டெலோஜன் என்பது அந்த ஓய்வுக் காலம்.

அவரிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "குழுக்கடன் மாதிரிம்மா. வாங்குனது டிசம்பர்ல. தவணை மார்ச்சுலதான் ஆரம்பிக்குது" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப எத்தனை தவணை?" என்றார். அடி ஒருமுறை விழுந்ததாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும் என்றேன்.

மனதின் அடி மயிர்க்கால் வரைக்கும் எப்படிப் போகிறது என்பதற்கு 2021-இல் ஹார்வர்டில் யா-சியே சூ குழுவினர் எலிகளில் ஒரு வழியைக் காட்டினார்கள். அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன், மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்களை ஜிஏஎஸ்6 என்ற புரதத்தைச் சுரக்க விடாமல் தடுக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் முடியின் மூல செல்கள் விழிப்பதில்லை, ஓய்வு நீள்கிறது. எலியின் தோலில் கண்டதை அப்படியே நம் தலைக்கு ஏற்றிப் பேசக்கூடாது. ஆனாலும் 'மனசு காரணம்' என்றால் 'கற்பனை' என்று நினைக்கும் வீடுகளில் இந்தச் செய்தியை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். மாமியாருக்கும் சொல்லி அனுப்பினேன்.

நகம் சொன்னது

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கை மேஜை மேல் இருந்தது. இரண்டு கட்டைவிரல் நகங்களிலும், நுனிக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக ஒரு பள்ளக் கோடு. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. இதை 1846-இல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். உடம்பு பெரிய சிக்கலில் இருக்கும்போது நகம் வளர்வது கொஞ்சம் நின்று, பிறகு தொடரும். நின்ற இடம் கோடாகத் தெரியும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும். அளந்து, நகக்கண்ணுக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் கூட்டினால் ஐந்து மாதம் வந்தது. மறுபடியும் டிசம்பர்.

ஆனால் இந்தக் கோடு அதிகம் வருவது கடும் காய்ச்சல் மாதிரி உடல்நோய்க்குப் பிறகு. அவரோ காய்ச்சல் இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். திரும்பக் கேட்டேன். "முகாம்ல நாலு நாள் அடிச்சுது. எல்லாருக்கும்தான் அடிச்சுது, அதைப் போய் என்ன சொல்ல?" என்றார். நாலு நாள் எழுந்திருக்கவே முடியவில்லையாம். எடையும் 57 கிலோவிலிருந்து 52-க்கு இறங்கியிருந்தது. மகளுக்கும் மாமியாருக்கும் போக மிச்சத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

ஆகவே இதை மன அழுத்த உதிர்வு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பயம், காய்ச்சல், பட்டினி மூன்றும் ஒரே வாரத்தில் வந்தன. எதற்கு எத்தனை முடி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றுக்கும் ஒரே தேதி என்பதுதான் உறுதி.

ரத்தப் பரிசோதனையும் ஒரு பொறியும்

ஹீமோகுளோபின் 10.4. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இருப்பு வைத்திருக்கும் இரும்பின் அளவு, 11. மாதவிலக்கு அதிகம் போகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதில் சந்தேகமே இல்லை, இரும்பு கொடுக்க வேண்டும்.

தைராய்டு முடிவுதான் குழப்பியது. தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்எச் ஹார்மோன் 0.08, மிகக் குறைவு. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் கொஞ்சம் அதிகம். அதாவது தைராய்டு மிகையாக வேலை செய்கிறது என்று பொருள். எடை குறைந்திருக்கிறது, தூக்கம் இல்லை, படபடப்பு, முடி கொட்டுகிறது. பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே எல்லாம் பொருந்தியது. தைராய்டை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

நிறுத்தியது ஒரு சின்னப் பொருத்தமின்மை. நாடித்துடிப்பு 82. நீட்டிய கையில் நடுக்கம் இல்லை. ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னால் நம்மைவிட வேகமாகக் கோப்பார். கழுத்தில் வீக்கம் இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு எடை ஒன்றரைக் கிலோ ஏறியும் இருந்தது. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று முதல் தடவையாகக் கேட்டேன். கைப்பையிலிருந்து பயோட்டின் அட்டையை எடுத்து வைத்தார். தினம் ஒன்று, 10 மில்லிகிராம், ஆறு வாரத்துக்கு மேலாக.

ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். இவர் சாப்பிட்டது அதைப்போல 300 மடங்குக்கு மேல். பல லேப்களில் தைராய்டு பரிசோதனைக் கிட்டுகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் கணக்கு தலைகீழாகும். டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூட தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது.

மாத்திரையை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். டிஎஸ்எச் 2.1. டி4 சரியான அளவு. தைராய்டில் ஒரு கோளாறும் இல்லை. முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை, முடிக்குக் காரணமாக இல்லாத ஒரு நோயைக் காகிதத்தில் உண்டாக்கியிருந்தது. பயோட்டின் குறைபாடே இல்லாத ஒருவருக்கு அது உதவியிருக்கவும் வாய்ப்பு குறைவு.

எடுத்த முடிவுகள்

இரும்பு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள், டீ காபியோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடு. முட்டையும் பயறும் அவர் தட்டில் முதலில் விழ வேண்டும் என்று கணவரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

முடி வளரக் கொடுக்கும் மினாக்சிடில் மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அவர் கேட்டார், டவுனில் ஒரு இடத்தில் தலையில் ஊசி போடும் பேக்கேஜ் ஒன்றும் விசாரித்து வைத்திருந்தார். நெற்றியோரத்தில் புது முடி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. மினாக்சிடில் ஆரம்பித்தால் முதல் சில வாரம் உதிர்வு இன்னும் கூடலாம். இவருக்கு இருக்கும் பயத்தில் அதைத் தாங்கமாட்டார். தானாக வளர்ந்ததற்கும் மருந்துதான் காரணம் என்று நம்பி, நிறுத்தவே பயந்துகொண்டு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊசிப் பணத்தில் ஒரு மோட்டார் வாங்கலாம் என்றும் சொன்னேன். அது வைத்திய ஆலோசனையில் சேருமா தெரியாது.

வாரம் மூன்று முறை தலைக்கு ஊற்றச் சொன்னேன். பொட்டலம் கட்டுவதை நிறுத்தச் சொன்னேன். எண்ண வேண்டாம், மாதம் ஒருமுறை ரப்பர் பேண்டைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

கடினமானது மனநல ஆலோசனை. மழைச் சத்தம் கேட்டால் எழுந்து ரேஷன் கார்டு, பத்திரம், மகளின் பள்ளிப் பையை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, விடியும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். இதை முடி டாக்டர் பார்த்துக்கொள்ள முடியாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். "நான் என்ன பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டார். சரி, அதுவரை ராத்திரி பயமாக இருந்தால் பேசுங்கள் என்று 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு முறை பேசியிருக்கிறார். ஜூன் கடைசியில் அவருடைய அக்கா கூடவே போய் ஓபியில் உட்கார வைத்தார். மாத்திரை இல்லாமல் ஆறு அமர்வுகள் பேச்சு சிகிச்சை நடந்தது.

பின் நடந்தவை

ஜூலையில் உதிர்வு பாதியாகக் குறைந்தது என்றார். ஆகஸ்டில் இழுத்துப் பார்த்தபோது இரண்டு முடி வந்தது. செப்டம்பரில் ஒன்று. அக்டோபரில் ஃபெரிட்டின் 41.

புது முடி வந்ததும் அதிலும் ஒரு குறை. "குச்சி குச்சியா நட்டுக்கிட்டு நிக்குது டாக்டரம்மா, எண்ணெய் வச்சாலும் படிய மாட்டேங்குது." மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பின்னலில் சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். நவம்பரில் ரப்பர் பேண்டு மூன்று சுற்று.

2024 டிசம்பர் 12, 13-இல் மறுபடியும் பெருமழை. தாமிரபரணியில் வெள்ள எச்சரிக்கை. இவர் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மறுவாரம் வந்து கேட்டார்: "அப்ப மார்ச்சுல திரும்பக் கொட்டுமா?" நான் சொல்லிக்கொடுத்த கணக்கே இப்போது என்னை நோக்கித் திரும்பியது. எல்லா அதிர்ச்சிக்கும் முடி கொட்டாது, இந்த முறை சாப்பாடும் உடம்பும் தேறியிருக்கிறது என்றேன். கொட்டவே கொட்டாது என்று சத்தியம் செய்யவில்லை. வீட்டு காலண்டரில் மார்ச் 15-ஐ வட்டமிட்டு வைத்திருந்தாராம்.

இனி மாற்றிக்கொள்வது

முடி உதிர்வு என்று யார் வந்தாலும் முதல் கேள்வி 'எப்போதிலிருந்து', இரண்டாவது 'அதற்கு மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது'. கஷ்டம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். மாதத்தைச் சொல்லிக் கேட்டால்தான் கதை வரும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை முடிந்த மூன்றாம் மாதம் என் ஓபியில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருந்தேன். அப்போது கேட்ட கேள்வியை வெள்ளத்துக்குப் பிறகு கேட்கத் தோன்றவில்லை என்பது எனக்கே உறுத்தலாக இருக்கிறது.

பரிசோதனைக்கு எழுதும் முன் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மேஜையில் வைக்கச் சொல்கிறேன். முடி, தோல், நகம் என்று போட்டு விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அளவைப் படித்துப் பார்க்கிறேன். ஃபெரிட்டினை ஏப்ரலிலேயே பார்த்திருந்தால் இரும்பு ஏழு வாரம் முன்னால் ஆரம்பித்திருக்கும். தூக்கத்தைப் பற்றி அன்றே கேட்டிருந்தால் மனநலப் பிரிவுக்கும் முன்னாலேயே போயிருப்பார். முதல் நாளே வகிட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்காததால் 'வகிடு அகலமாகவில்லை' என்ற என் குறிப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

'டென்ஷன் ஆகாதீங்க' என்பதை நிறுத்திவிட்டேன். வாய் தவறி இரண்டு முறை வந்தது.

2025 மார்ச் கடைசியில் மகளுக்கு முழங்கையில் படர்தாமரை என்று வந்தார். மருந்து எழுதி முடிக்கும்வரை தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது நான்தான் கேட்டேன், மார்ச் 15 என்ன ஆயிற்று என்று. ஒரு நிமிடம் யோசித்தார். "அன்னைக்குக் கல்யாண பிளவுஸ் ஏழு டெலிவரி, மறந்தே போச்சு" என்றார்.